கிச்சிலியின் வயிற்றில் பட்டு இழை

அமாவாசையன்று ஆரணி நெசவாளர் வீடுகளில் தறியைத் தொடமாட்டார்கள். எந்நாளும் தடதடத்துக்கொண்டிருக்கும் தெரு அன்று காலை ஓய்ந்து கிடந்ததால், சூர்யகலாவின் வீட்டுப் பூனை ஓங்கரிக்கும் ஓசை வாசல்வரை தெளிவாகக் கேட்டது.

முதல் நாள் மதியத்திலிருந்தே அது எதையும் உண்ணவில்லை. பாலை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இப்போது நெய்பவர் கால் வைக்கும் தறிக்குழிக்குள் இறங்கி, மிதிகட்டைகளுக்குப் பின்னால் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஓங்கரிக்கும்போது கழுத்து முன்னால் நீண்டது. சிறிது நுரை வந்தது. பிறகு மறுபடியும் கூனிக்கொண்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதுகூட அசையவில்லை.

"பூனைன்னா ரெண்டு நாள் துன்னாம கெடக்கும். அப்பறம் எலியப் புடிச்சிகினு வந்து எதிர்ல நிக்கும். அதுக்குப் போயி இன்னாத்துக்கு இப்பிடி பேஜார் பண்ணிக்கிற?" என்று சொல்லிவிட்டு, அவள் கணவர் குப்புராஜ் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தேநீர்க் கடைக்குப் புறப்பட்டார்.

"இது வாந்தி எடுக்கற மாதிரி இல்லீங்க. உள்ள இன்னாமோ மாட்டிகினு கீற மாதிரி கீது."

"மாட்டுனது தானா வரும்" என்ற பதில் தெருவிலிருந்து கேட்டது.

சூர்யகலாவுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. சந்தவாசல் கிராமத்தில் கூலிக்கு நடவு நட்டுப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவள். ஆரணிக்கு வாழ்க்கைப்பட்டு வரும்வரை தறியைக் கண்ணால் பார்த்ததுமில்லை. வந்தபின் அவள் கற்றுத் தேர்ந்தது பாவு எனப்படும் நீளவாட்டு இழைகளைப் பிணைக்கும் வேலை. தறியில் ஒரு பாவு நெய்து முடியும் தறுவாயில், அதன் இழை முனைகளோடு புதிய பாவின் இழை முனைகளை ஒவ்வொன்றாக இணைத்தாக வேண்டும். இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒன்றுக்கும் முடிச்சு கூடாது. விரல்நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, ஒரே முறுக்கில் இரண்டு முனைகளையும் ஒன்றாக்கிவிட வேண்டும். அவள் முறுக்கிய இழை அறுந்ததாக எந்த வீட்டிலிருந்தும் குறை வந்ததில்லை. தன் தெருவில் மட்டுமல்லாமல் அடுத்த தெருக்களிலும் புதுப் பாவு ஏற்றும் நாளில் அவளைத் தேடித்தான் ஆள் வரும்.

அந்த வேலை அவளுக்கு ஒரு பழக்கத்தையும் கொடுத்திருந்தது. துருத்திக்கொண்டு நிற்கும் நூலைக் கண்டால் அவள் கை சும்மா இராது. பேருந்தில் முன்னிருக்கைப் பெண்ணின் புடவை ஓரத்தில் இழை பிரிந்திருந்தால்கூட, முன்பின் தெரியாதவள் என்றும் பாராமல் அதை மெல்ல உருவி, மிச்சத்தைப் பல்லால் நறுக்கிவிடுவாள். பிறகுதான் அவள் செய்த காரியம் அவளுக்கே தெரியவரும்.

பூனை அந்த வீட்டுக்கு வந்ததும் நூலால்தான். ஏற்றி முடித்திருந்த புதுப் பாவு ஒன்றை எலி கடித்து நாசமாக்கியபோது, அரிசி ஆலை ஒன்றின் மூட்டைகளுக்கிடையே பிறந்திருந்த குட்டியை அவள் கேட்டு வாங்கி வந்தாள். கிச்சிலிப் பழத்தின் ஆரஞ்சு நிறத்தில் இருந்ததால் அதுவே அதன் பெயரும் ஆயிற்று. சம்பளம் வாங்காத வாட்ச்மேன் என்று குப்புராஜ் கேலி பேசினார். அவளோ அதைப் பிள்ளை போலப் பேணினாள். வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டு தவறாமல் போட்டுவந்தாள். வண்டியில் அடிபட்டுவிடும், தெருநாய் கடித்துவிடும் என்று பொழுது சாய்ந்ததும் கொல்லைக் கதவைத் தாழிட்டாள். எலி மருந்தை வீட்டுக்குள் வைக்கவே விடவில்லை.

ஆனால் தறி வீட்டுப் பூனையால் ஒரு தொல்லை உண்டு. தறி ஓடும்போது ஆடுகிற கயிறுகளையும் இழைகளையும் கண்டால் அதற்கு விளையாட்டுப் புத்தி வந்துவிடும். பாவின்மேல் ஒரு தாவு தாவினால் போதும், நகத்தில் பத்து இழை போய்விடும். அதற்கு அந்தத் தெருவில் ஓர் உபாயம் வைத்திருந்தார்கள். பிணைப்பிலும் நெசவிலும் மிஞ்சும் கழிவுப் பட்டைச் சுருட்டி, நடுவே கருவாட்டுத் தலை ஒன்றைப் பொதிந்து, கொல்லைக் கம்பியில் தொங்கவிடுவார்கள். பூனை நாளெல்லாம் அதை எட்டி எட்டி அடித்துக்கொண்டிருக்கும், தறியை மறந்துவிடும். பூனையால் பட்டுக்கு ஆபத்து என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். பட்டால் பூனைக்கு ஆபத்து வரக்கூடும் என்று எவரும் எண்ணிப் பார்த்ததில்லை, சூர்யகலாவும் எண்ணவில்லை.

அந்த எண்ணம் இப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கொல்லைக்கு ஓடினாள். கம்பியில் முடிச்சு மட்டும் இருந்தது, பொட்டலத்தைக் காணவில்லை.

மதிலுக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு முனியம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னாடி கலா, காலங்காத்தால தேடிகினு கீற?"

"இங்க ஒரு பொட்டலம் கட்டியிருந்தேன்க்கா. காணோம்."

"அத்த உம்பூன நேத்தே புடுங்கிகினு போச்சே! கவ்விகினு எங்க மதிலு மேல ஏறுச்சு. மாப்ள ஊட்டுச் சீரு கொண்டுவர மாதிரி என்னா மிடுக்கு!"

"பட்ட இன்னா பண்ணுச்சு, பாத்தியா?"

"கருவாட்டத் துன்னுட்டு பட்டத் துப்பியிருக்கும். நாமதான் ஒரு பட்டுப் பொடவைக்கு உசுர வுடுவோம், பூனை எதுக்குடி பட்டு துன்னப்போவுது?" என்று சிரித்தவள், சூர்யகலாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "வெளக்கெண்ண ஒரு ஸ்பூன் ஊத்திவுடு. வழிச்சிகினு வந்துரும்."

மதிலோரம், துவைகல்லின் அடி, விறகுக் கட்டுகளின் சந்து என்று எல்லா இடங்களிலும் சூர்யகலா குனிந்து தேடினாள். கருவாட்டின் செதில்கள் அகப்பட்டன. கைப்பிடி அளவு பட்டில் ஓர் இழைகூட அகப்படவில்லை.

வீட்டுக்குள் வந்து, தறிக்குழியில் இறங்கி, பூனையை இரு கைகளாலும் வாரித் தூக்கினாள். வழக்கமாகத் திமிறும் பிராணி துணி மூட்டை போலக் கையில் கிடந்தது. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து திருப்பியபோது, வாலுக்கு அடியில் விரல்நீளத்துக்கு அரக்கு நிறத்தில் ஒரு பட்டு இழை தொங்கியது.

அவள் யோசிக்கவே இல்லை. கை யோசித்தது. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் இழையைப் பிடித்தன, நிதானமாக உருவின. இழை வந்தது. கிட்டத்தட்ட சாண் அளவுக்கு வந்தது. 'வந்துவிட்டது, அவ்வளவுதான்' என்று அவள் நெஞ்சு இளகிய கணத்தில் இழை சட்டென்று நின்றது. இன்னும் சற்றே அழுத்திப் பிடித்தாள். உள்ளே எதுவோ 'சரக்'கென்று விட்டுக்கொடுத்தது. அதுவரை ஒரு முனகலும் இல்லாதிருந்த பூனை, குழந்தை வீறிடுவது போலக் கத்திற்று.

அவள் விரல்கள் விலகின. எத்தனையோ ஆயிரம் இழைகளைத் தொட்ட விரல்கள் அவை. அந்த 'சரக்' இழை அறுந்த உணர்வல்ல என்பது அவற்றுக்குத் தெரிந்தது. இழை அப்படியே இருந்தது. வேறெதுவோதான் அறுந்திருந்தது.

வெளியே அரை முழ நீளத்துக்கு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. வேலை முடிந்ததும் செய்வது போலவே கத்தரியை எடுத்து, ஓர் அங்குலம் விட்டு மிச்சத்தை நறுக்கினாள். நறுக்கியதை அடுப்பில் போட்டாள். பட்டு கருகும் நாற்றம் எழுந்தபோதுதான் தான் என்ன செய்திருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

குப்புராஜ் திரும்பி வந்து பார்த்தபோது, மூடி போட்ட நூல் கூடையில் பழம்புடவையை விரித்து, அதில் பூனையைக் கிடத்தி, அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "பட்ட முழுங்கியிருக்குதுங்க. வால்கிட்ட முனை தெரியுது" என்று மட்டும் சொன்னாள். அவர் கூடைக்குள் ஒரு பார்வை பார்த்தார், கேலி வரவில்லை. தெருமுனையில் நின்ற முருகேசனின் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

கால்நடை மருத்துவமனையில் டாக்டர் அமலா பூனையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தபின் வாயைத் திறந்து, நாக்கை விரலால் உயர்த்திப் பார்த்தார்.

"இங்க பாருங்க. நாக்குக்கு அடியில நூல் சுத்தி மாட்டியிருக்கு. ஒரு முனை இங்க, இன்னொரு முனை வால் பக்கம். நடுவுல குடல் முழுக்க அதுல கோத்திருக்கு. நீங்க நெசவுதானே? துணியில ஒரு இழை மட்டும் இறுகினா என்ன ஆகும்?"

"துணி சுருங்கிக்கும்" என்றார் குப்புராஜ்.

"குடலும் அப்படித்தான் சுருங்கியிருக்கு. யாராவது கீழ இருந்து இழுத்துப் பார்த்தீங்களா?"

சூர்யகலாவின் உதடுகள் பிரிந்தன. அதற்குள் குப்புராஜ் முந்திக்கொண்டார். "சேச்சே! நூலு விசயத்துல எங்க ஊட்டம்மாவுக்கு யாரும் சொல்லித் தரவேணாம் டாக்டரம்மா. ஆரணியில பாதித் தறிக்கு பாவு பிணைக்கறது இவ கைதான். இதுவரைக்கும் ஒரு இழை அறுத்தது கெடையாது. இவளா போயி கண்டபடி இழுப்பா?"

டாக்டர் அவளைப் பார்த்து முறுவலித்தார். "அப்படியா? நல்ல வேளை. இழுத்திருந்தா அந்த நூலே குடலை ரம்பம் மாதிரி அறுத்துடும். அப்படி ஆகியிருந்தா நான் காத்திருக்கச் சொல்லவே மாட்டேன். வேலூருக்கு ஆபரேஷனுக்கு உடனே அனுப்பிடுவேன்."

சொல்ல வேண்டிய இடம் அதுதான். அவளுக்குத் தெரிந்தது. ஆனால் கணவர் அவளைப் பற்றி அயலார் எதிரே அவ்வளவு பெருமையாகப் பேசி அவள் கேட்டதில்லை. அந்தப் பெருமை ஆறுமுன் அதன்மேல் தண்ணீர் ஊற்ற அவளுக்கு நா எழவில்லை. பூனையின் காதைத் தடவிக்கொண்டு தலைகுனிந்து நின்றாள்.

டாக்டர் நாக்கடியில் மாட்டியிருந்த வளையத்தைக் கத்தரித்துவிட்டு, தோலுக்கடியில் மருந்துநீர் ஏற்றினார், ஊசி போட்டார். "சில சமயம் மேல் முனையை விடுவிச்சதும் நூல் தானாவே நகர்ந்து போயிடும். நாளைக்குக் காலையில கொண்டு வாங்க. அதுக்குள்ள வாந்தி எடுத்தாலோ, வயித்தைத் தொட்டாக் கத்தினாலோ உடனே வரணும். விளக்கெண்ணெய் அது இதுன்னு எதையும் ஊத்தாதீங்க."

வயிறு உப்பிய வெள்ளாடு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு குடும்பம் உள்ளே நுழைந்தது. அவர்கள் ஒதுங்கி வெளியே வந்தார்கள்.

ஆட்டோவில் கூடை அவள் மடியில் இருந்தது. 'நாளைக் காலை சொல்லிக்கொள்ளலாம்' என்று ஒரு மனம் சொன்னது. 'நாளைக் காலைவரை இது இருக்குமா?' என்று இன்னொரு மனம் கேட்டது. பிழைத்துவிட்டால் சொல்லவே தேவையில்லை. போய்விட்டாலும் நூல் விழுங்கிச் செத்தது என்றுதான் ஊர் சொல்லும்; அவளை ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அப்படி ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்பதே அவளைக் கலக்கியது. கூடைக்குள் கையை விட்டாள். பூனையின் வயிறு பலகை போல இறுகியிருந்தது. பட்டும் படாமலும் விரல் வைத்ததற்கே அது பல்லைக் காட்டிச் சீறியது.

அரிசி ஆலை வாசலில் ஒரு லாரி குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. ஆட்டோ நின்றது.

"முருகேசா, வண்டியத் திருப்பு" என்றாள் சூர்யகலா.

"இன்னாத்த மறந்துட்ட?" என்று குப்புராஜ் சட்டைப்பையைத் தடவினார். "மருந்துச் சீட்டு எங்கிட்டதான் கீது."

"டாக்டரம்மாகிட்ட ஒண்ணு சொல்லாம வந்துட்டேன்."

"எங்கிட்ட சொல்லு. போன்ல கேட்டுக்கலாம்."

"நான் இழுத்துட்டேங்க."

"எத்த?" என்று கேட்டவர், கேட்ட மாத்திரத்திலேயே புரிந்துகொண்டார். முருகேசன் ஒருவர் சொல்லுக்கும் காத்திராமல் லாரியின் பின்புறம் வளைத்து வண்டியைத் திருப்பிவிட்டான்.

டாக்டர் ஆட்டின் விலாவில் காதுக்குழலை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வரிசையில் நிற்கவோ, ஆட்டுக்காரர்கள் பார்க்கிறார்களே என்று தயங்கவோ சூர்யகலாவுக்கு நினைப்பில்லை.

"டாக்டரம்மா, நான் இழுத்தேன். இவருக்குத் தெரியாது. அரை முழம் வந்துச்சு. அப்பறம் சட்டுனு நின்னுச்சு. கொஞ்சம் அழுத்துனேன். சரக்குன்னு வுட்டுது, கத்திச்சு. அதோட கைய எடுத்துட்டேன். தொங்குனத நறுக்கிட்டேன்."

டாக்டர் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால் அவளுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். "சரக்குன்னு விட்டது நூலா?" என்று மட்டும் கேட்டார்.

"நூலு இல்லைங்க. நூலு அறுந்தா எனக்குத் தெரியும்."

டாக்டர் கூடையைத் திறந்து பூனையின் வயிற்றை மறுபடியும் தொட்டார். வெப்பமானியை வைத்துப் பார்த்தார். பிறகு பேசியபடியே கைபேசியை எடுத்தார். "கொஞ்ச நேரம் முன்னாடி இவ்வளவு இறுக்கம் இல்ல. நான் வேலூருக்குச் சொல்லிடறேன். தண்ணிகூட குடுக்காதீங்க. பஸ்ஸுக்கெல்லாம் காத்திருக்க வேணாம், ஜல்தியா கிளம்புங்க."

"வேலூருதானே, ஏறுங்க" என்றான் வாசலில் நின்ற முருகேசன்.

ஆட்டோ கண்ணமங்கலம் தாண்டியது. குப்புராஜ் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "அந்தம்மா எதிர்ல நான் ஒன்ன எம்மாம் ஒசத்திப் பேசிகினு கீறேன். நீ கம்முனு நின்னுகினு கீற."

"நீங்க அப்பிடிப் பேசனதாலதான் கம்முனு நின்னேன்."

"அப்ப எம்மேல பழியா?"

"பழி இல்லீங்க. இன்னொரு வாட்டி அப்பிடி எப்பப் பேசுவீங்களோன்னு..."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். சாலை குண்டும் குழியுமாக இருந்த இடத்தில், அவளிடமிருந்து கூடையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். வண்டி குலுங்கும்போதெல்லாம் கூடையை அந்தரத்தில் தூக்கிப் பிடித்தார். முருகேசனை மெதுவாகப் போகச் சொன்னார். அடுத்த நிமிடமே வேகமாகப் போகச் சொன்னார்.

வேலூரில் பூனையை உள்ளே கொண்டு போனபின் கதவு சாத்தப்பட்டது. நடைபாதையில் இருந்த மர பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். உள்ளிருந்து பாத்திரம் உரசும் ஓசை வந்தால் அவள் எழுந்து நிற்பாள். ஓசை நின்றால் அதைவிட அதிகமாகப் பதறுவாள். அவளுக்கு இரண்டு கணக்குகள் மாறி மாறி ஓடின. லாரி குறுக்கே வந்திராவிட்டால் வீட்டுக்கே போயிருப்போம் என்பது ஒன்று. முதல் தடவையே வாயைத் திறந்திருந்தால் இந்நேரம் எல்லாம் முடிந்திருக்கும் என்பது மற்றொன்று. முதலாவதற்கு நன்றி சொல்ல முனைந்தால் இரண்டாவது வந்து குறுக்கே நின்றது.

கதவு திறந்து வந்த மருத்துவர் இளைஞர். முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு பேசினார்.

"உயிர் இருக்கு. குடலை மூணு இடத்துல திறந்து நூலை எடுத்தோம். ஒரு இடத்துல நூல் குடலை அறுத்தே விட்டிருந்தது. அந்தத் துண்டை வெட்டிட்டு இணைச்சிருக்கோம். அழுக்கு இப்பத்தான் வயித்துக்குள்ள பரவ ஆரம்பிச்சிருந்தது. நாளைக்கு வந்திருந்தா நான் கத்தியைத் தொட்டிருக்க மாட்டேன்."

"பொழச்சிக்குமாங்க?" என்றார் குப்புராஜ்.

"இப்ப சொல்ல முடியாது. குடல்ல போட்ட தையல் விட்டுப்போறதா இருந்தா நாலஞ்சு நாளைக்குள்ளதான் விட்டுப்போகும். அதுவரைக்கும் பக்கத்துலயே இருங்க, தினமும் கொண்டு வாங்க. காய்ச்சல் வரக்கூடாது. தானா சாப்பிடணும். தானா சாப்பிட்டா எனக்குப் பாதி பயம் போயிடும்."

சூர்யகலாவின் தங்கை லீலா வேலூரில்தான் குடியிருந்தாள். அவள் வீட்டுப் பின்கட்டில் ஓர் அட்டைப்பெட்டி பூனைக்கு வீடாயிற்று. கல்யாணப் புடவை ஒன்று தறியில் பாதியில் நின்றதால் குப்புராஜ் மறுநாள் ஆரணிக்குத் திரும்பினார். போகுமுன் கொல்லைக் கம்பியில் இனி எதையும் கட்டக்கூடாது என்று தாமாகவே சொன்னார். முனியம்மாள் வீட்டிலும் கட்டியிருப்பதை அவிழ்க்கச் சொல்கிறேன் என்றார். கழிவுப் பட்டு இழைகளை மூடியுள்ள டப்பாவில்தான் போட வேண்டும் என்று அவள் பதில் சொன்னாள்.

அடுத்து வந்த நாட்களில் அவள் செய்த வேலையெல்லாம் அந்தப் பெட்டியருகே உட்கார்ந்திருப்பதுதான். பூனையின் வயிற்றில் மயிர் மழித்த இடம் வெளிறித் தெரிந்தது. தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் புனல் போன்ற பட்டை மாட்டியிருந்தார்கள். மூச்சு வேகமானால் காய்ச்சலோ என்று பயந்தாள்; மூச்சு மெதுவானால் போய்விட்டதோ என்று பயந்தாள். காதைத் தொட்டுச் சூடு பார்த்துப் பார்த்து, எது இயல்பான சூடு என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. காலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் மருந்துநீர் ஏற்றுவார்கள். "சாப்பிட்டுதா?" என்பார் மருத்துவர். "இல்லீங்க" என்பாள். அவர் "பார்ப்போம்" என்பார். அந்த ஒற்றைச் சொல்லைத் திரும்பும் வழியெல்லாம் புரட்டிப் புரட்டிப் பார்ப்பாள்.

"அக்கா, நீயாவது துன்னு. ரெண்டு பேரும் பட்டினி கெடந்தா நான் யார ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறது?" என்று லீலா சாப்பாட்டுத் தட்டை அருகில் வைப்பாள். அது அப்படியே ஆறிக் கிடக்கும்.

ஐந்தாம் நாள் பிற்பகலில், மருத்துவர் சொன்னபடி முள் நீக்கி வேகவைத்த மீனைக் கஞ்சிநீரில் கரைத்து, சாஸரில் ஊற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டாள். கிச்சிலி சாஸரைப் பார்த்தது. முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சிறிது பொறுத்து, சளப் சளப்பென்று நாக்கின் ஓசை கேட்டது.

அவள் அசையவில்லை. அசைந்தால் நின்றுவிடுமோ என்று பயந்தாள். அந்த வேளை பார்த்து மடியிலிருந்த கைபேசி ஒலித்தது, அவசரமாக எடுத்தாள்.

"இன்னா, துன்னுச்சா?" என்றார் குப்புராஜ். பின்னால் தறியின் தடதடப்பு கேட்கவில்லை. அவர் தறியை நிறுத்திவிட்டுத்தான் பேசினார்.

"துன்னிகினு கீதுங்க" என்றாள் மிக மெதுவாக.

"மெய்யாவா? இன்னா சத்தத்தையே காணோம்?"

"கத்தாதீங்க. கிட்ட வெக்கறேன், கேளுங்க."

கைபேசியைச் சாஸரின் விளிம்புவரை கொண்டுபோனாள்.

"ஃபேன் சத்தம்தான் கேக்குது" என்றார்.

அவள் கையை நீட்டி மின்விசிறியை நிறுத்தினாள்.